படத்தில் இருக்கும் புல் கவிதையிலும் வேண்டுமா?

அடுத்த கேள்வி, நாகசாகியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டது. நாகசாகிக்கு அருகே கடலில், இப்போது ஆளே இல்லாத ஹஷிமா தீவில் பாழடைந்த அடுக்குமாடிக் குடியிருப்பைப் படம் எடுத்து, அதன் கீழே பதினேழாம் நூற்றாண்டு ஜப்பானியக் கவிஞர் பாஷோவின் ‘கோடைப் புல்’ ஹைக்கூவைப் போட்டிருக்கிறார். “இரண்டும் எனக்குப் பிடித்தவைதான். சேர்த்துப் பார்த்தால் ஏன் ஒட்டவில்லை?” என்கிறார்.

படம் நன்றாக வந்திருக்கிறது. 1916இல் எழுந்த ஏழு மாடிக் கான்கிரீட் கட்டடம் அது. ஜன்னல்களில் வெறும் இருட்டு, அடியில் புல்லும் புதரும். கவிதையை என் தமிழில் சொல்கிறேன்:

கோடைப் புல்
மறவர் கண்ட கனவெல்லாம்
விட்டுப்போன சுவடு

படத்திலும் புல், பாட்டிலும் புல். ஒன்றையே இரண்டு தடவை சொன்ன மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அதைவிட என்னை உறுத்துவது ‘கனவு’ என்ற சொல். 1689இல் பாஷோ வட ஜப்பானில் உள்ள ஹிராய்சுமிக்குப் போனபோது, ஐந்நூறு வருடங்களுக்கு முன் போரில் வீழ்ந்த பிரபுக் குலத்தின் மாளிகை இருந்த இடம் வயலாகக் கிடந்தது. தொப்பியைக் கழற்றிக் கீழே போட்டு உட்கார்ந்து, நேரம் போவது தெரியாமல் அழுததாக எழுதுகிறார். அவர் அழுதது புகழுக்காகப் போரிட்டு மாண்ட வீரர்களுக்காக. ஹஷிமா நிலக்கரிச் சுரங்கத் தீவு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கொரியர்களையும் சீனர்களையும் கட்டாயப்படுத்தி அந்தச் சுரங்கத்தில் இறக்கினார்கள். அந்த இடத்தின் மேல் ‘கனவு’ என்று எழுத எனக்கு மனம் வராது. நீங்களும் அந்தப் பாட்டை நீக்கிவிடுங்கள்.

சரி, வேறு எதைப் போடலாம்? பத்தாம் நூற்றாண்டுத் துறவி எக்யோவின் தன்கா, அதாவது ஐந்தடிக் கவிதை, ஒன்று இருக்கிறது. நூறு கவிஞர்களின் நூறு பாட்டுகள் கொண்ட ‘ஹியாகுனின் இஷ்ஷு’ தொகுப்பில் 47ஆவது பாட்டு.

களைக்கொடி மண்டிய
இந்தத் தனித்த வீட்டில்
ஆள் அரவம் இல்லை
இலையுதிர்காலம் மட்டும்
வந்து நிற்கிறது

கியோத்தோவில் மினமோதோ நோ தோரு என்ற பிரபு கட்டிய மாளிகை பாழாகிக் கிடந்தபோது அங்கே பாடியது. தோட்டத்தில் உப்புக் காய்ச்சுவதைப் பார்த்து ரசிக்க, கடல்நீரைச் சுமந்து வரச் செய்தாராம் அந்தப் பிரபு. ஹஷிமாவிலும் ஒரு சுமை உண்டு. பசுமையே இல்லாத பாறைத் தீவு என்பதால், குடியிருந்தவர்கள் மொட்டைமாடிக்கு மண் கொண்டுபோய்த் தோட்டம் போட்டார்கள். 1974இல் சுரங்கம் மூடியதும் அத்தனை பேரும் கிளம்பிவிட்டார்கள். எக்யோ ‘ஆள் இல்லை’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அங்கே இருந்தவர்கள் யார் யார் என்பதை அந்த ஜன்னல்கள் கேட்கட்டும்.

இதிலும் களைக்கொடி வருகிறதே என்பீர்கள். படத்தின் அடிப்பகுதியை க்ராப் செய்துவிடுங்கள். ஜன்னல்கள் மட்டும் போதும், புல்லைப் பாட்டு பார்த்துக்கொள்ளும்.

அப்புறம், படம் ஜூன் மாதம் எடுத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நிழல் குட்டையாக, சுவரை ஒட்டி விழுந்திருக்கிறது. பாட்டிலோ இலையுதிர்காலம். பழைய ஜப்பானியக் கவிதையில் பருவம் தப்பினால் பாட்டே தப்பிப்போகும். அக்டோபரில் இன்னொரு தடவை படகேறுங்கள், சாய்ந்த வெயிலில் எடுங்கள். அலை பெரிதாக இருந்தால் தீவில் இறங்க விடமாட்டார்கள், அதனால் கையில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.