ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

(தண்டையார்பேட்டைப் படிப்பகம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, பள்ளி முடிந்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, காசு வாங்காமல் மைக் செட் போட்டுத் தந்த தம்பி அவர்களே, பிள்ளைகளே, வணக்கம். சால்வைக்குப் பதில் புத்தகம் தந்தீர்கள். அதற்குத் தனியாக ஒரு நன்றி.

கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் நிரல்மொழியை வடிவமைப்பவர் டைப் விஷயத்தில், அதாவது ஒரு மதிப்பு எண்ணா எழுத்தா என்று சொல்லும் வகை விஷயத்தில், இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். டைப்பை எப்போது சரிபார்ப்பது? மதிப்பே இல்லாத இடத்தை என்ன செய்வது? எங்கள் ஆயா அடிக்கடி சொல்லும்: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

முதல் கேள்வி. காசிமேட்டில் என் சித்தப்பாவுக்கு ஐஸ் வியாபாரம். அவர் கணக்கு நோட்டில் சிவப்பு மையால் நெட்டுக்கோடு போட்டிருப்பார். கோட்டுக்கு இந்தப் பக்கம் படகின் பெயர், அந்தப் பக்கம் எண்ணிக்கை. பெயரை எண்ணிக்கைப் பக்கம் எழுதினால் பேனாவைப் பிடுங்கிவிடுவார். படித்த திமிரில் நான் அந்த நோட்டை மூடச் சொல்லி, ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் பில் போடும் நிரல் எழுதிக் கொடுத்தேன். ஒரு விசைப்படகுக்கு ராத்திரி 12 கட்டி, விடியற்காலை 5 கட்டி. திரையில் தட்டியதெல்லாம் நிரலுக்கு எழுத்தாகத்தான் வந்து சேரும். அதை எண்ணாக மாற்ற நான் மறந்துவிட்டேன். நிரலை ஓட்டும் முன்பே மொழி அதைத் தடுத்திருக்கலாம்; தடுக்கவில்லை. 12-ஐயும் 5-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி 125 என்று பில் அடித்துவிட்டது! படகுக்காரர் கடைக்கே வந்துவிட்டார். "இன்னா தம்பி, 125 கட்டிய எங்க வெச்சிருக்கேன், வந்து காட்டு" என்றார். இருபது வருஷ வாடிக்கை. சித்தப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பழைய நோட்டை எடுத்து, கோடு போட ஆரம்பித்தார். அந்தச் சிவப்புக் கோடுதான் ஐயா, டைப்!

இரண்டாவது கேள்வி. டோனி ஹோர் என்ற பிரிட்டிஷ் கணினி அறிஞர் 1965-ல் ஆல்கால் டபிள்யூ என்ற நிரல்மொழியில், 'இங்கே மதிப்பு இல்லை' என்று காட்டும் 'நல்' என்ற வெற்றுக் குறியைச் சேர்த்தார், சேர்ப்பது சுலபம் என்பதால். வெற்றிடத்தை மதிப்பு என்று நம்பிய நிரல்கள் ஓடும்போதே விழுந்தன. 2009-ல் அவரே அதைத் தன் நூறு கோடி டாலர் தவறு என்றார். இன்று ரஸ்ட், காட்லின் போன்ற மொழிகள் 'இங்கே ஒன்றும் இல்லாமலும் போகலாம்' என்பதை டைப்பிலேயே எழுத வைக்கின்றன. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

சரி, அளந்து பார்த்துத் தப்பு என்று மொழி சொல்கிறது. எந்த மொழியில் சொல்கிறது? என் மனசு கிடந்து அடித்துக்கொள்வது இதற்குத்தான். ஜாவாஸ்கிரிப்ட்டோடு டைப்பையும் சேர்த்து மைக்ரோசாஃப்ட் 2012-ல் வெளியிட்ட டைப்ஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி, ஜப்பானியத்தில் பிழைச் செய்தி தருகிறது. கொரியத்தில், போலிஷில், துருக்கியத்தில் தருகிறது. தமிழில் இல்லை. பிழையைத் துல்லியமாகப் பிடித்து, அதைப் பிள்ளைக்குப் புரியாத மொழியில் சொன்னால், பிடித்து என்ன பயன்? இங்கே மாலை வகுப்பில் ஒரு பாப்பா சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டது. தான் எதையோ உடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டது.

தலைமையாசிரியர் ஐயா, உங்கள் தமிழாசிரியர்களை வாரம் ஒரு மணி நேரம் அனுப்பி வையுங்கள். கவுன்சிலர் அம்மா, படிப்பகத்தை இரவு ஒன்பது வரை திறந்து வைக்க ஏற்பாடு செய்யுங்கள். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு பிழைச் செய்தியை எடுத்து, வீட்டில் பேசுகிற தமிழில் எழுதிவிட்டுப் போங்கள். முதல் வரியை அந்தப் பாப்பாவே எழுதியிருக்கிறது: "இது எண் இல்லை, எழுத்து. 14-ஆம் வரியைப் பாருங்க."