வேலைக்குப் பெரியவர், தட்டுக்குச் சிறுவர்

ஆசிரியர்களே, பெற்றோர்களே, சுகாதாரப் பணியாளர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கிராமத்து வளரிளம் பருவத்தினரின் ஊட்டச்சத்து பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் கீரையில் தொடங்கிக் கீரையிலேயே முடிப்பார்கள். நான் வேலையிலிருந்து தொடங்குகிறேன். கிராமத்தில் பதின்மூன்று வயதுப் பிள்ளை என்னென்ன செய்கிறது? தண்ணீர் சுமக்கிறது, கால்நடைகளைப் பார்க்கிறது, அறுவடை வந்தால் வயலில் இறங்குகிறது, தம்பி தங்கைகளைத் தூக்கி வளர்க்கிறது. நடுவே பள்ளிக்கும் நடந்து போய் வருகிறது. வேலை என்றால் அந்தப் பிள்ளையைப் பெரியவர் கணக்கில் சேர்க்கிறோம். சாப்பாடு பரிமாறும்போது மட்டும், "சின்னப் பிள்ளைதானே, இது போதும்" என்கிறோம். நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த முரணைப் பற்றித்தான்.

உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களை வளரிளம் பருவத்தினர் என்கிறது. ஒருவர் முழு வளர்ச்சி அடையும்போது இருக்கும் உயரத்தில் 15 முதல் 20 சதவீதமும், எடையில் ஏறத்தாழப் பாதியும் இந்த ஆண்டுகளில்தான் சேர்கின்றன. பெண்பிள்ளைகளுக்குச் சுமார் 12 வயதிலும் ஆண்பிள்ளைகளுக்குச் சுமார் 14 வயதிலும் உயரம் மிக வேகமாகக் கூடும். எலும்பு கெட்டிப்படும் காலமும் இதுவே. கைக்குழந்தைப் பருவத்துக்குப் பிறகு உடல் இவ்வளவு வேகமாக வளர்வது இந்த ஒரு முறைதான். அப்போது உணவு குறைந்தால் பருவமடைவது தள்ளிப்போகும், வளர்ச்சி மந்தமாகும். ஆனால் இதை யார் கண்டுபிடிப்பது? அடுத்த வீட்டுப் பிள்ளையும் அதே உயரம், வகுப்பில் எல்லாரும் அதே உயரம் என்றால் ஊரின் கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஐந்து வயது வரை பிள்ளையை எடை போட ஆள் வருகிறார். கர்ப்பிணியானால் மறுபடியும் வருகிறார். இடைப்பட்ட ஆண்டுகளில் தராசு அந்த வீட்டுப் பக்கமே வருவதில்லை.

இரத்தசோகைக்குக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன். பன்னிரண்டு வயது கடந்த பெண்ணின் இரத்தத்தில், இரும்பைக் கொண்டு உருவாகும் ஹீமோகுளோபின் என்ற புரதம் ஒரு டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிலிட்டருக்கு, 12 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மாதவிடாயில் சராசரியாக 30 முதல் 40 மில்லிலிட்டர் இரத்தம் போகிறது. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு உண்டு. அப்படியானால் மாதம் 15 முதல் 20 மில்லிகிராம் இழப்பு. இது சிறிய தொகையாகத் தோன்றும். ஆனால் தானியமும் பயறும் மட்டுமே உண்கிறவரின் குடல், உண்ட இரும்பில் பத்தில் ஒரு பங்கை உறிஞ்சினாலே பெரிது. எனவே மாதவிடாய் இழப்பை ஈடுகட்ட மட்டும் நாள்தோறும் சுமார் 5 முதல் 7 மில்லிகிராம் கூடுதலாக உண்ண வேண்டும். வளர்ச்சிக்கான தேவை தனி. ஆண்பிள்ளைகளும் தப்பவில்லை. தசையும் இரத்தமும் வேகமாகப் பெருகும் ஆண்டுகளில் அவர்களுக்கும் இரும்புப் பற்றாக்குறை வரும்.

சாப்பிட்டவுடன் தேநீர் குடிக்கும் பழக்கம் உறிஞ்சப்படும் இரும்பை மேலும் குறைக்கிறது. புளிப்பான பழம் ஏதாவது உணவோடு சேர்ந்தால் அதிகம் உறிஞ்சப்படும். இதற்குப் பெரிய செலவு இல்லை, நேரத்தை மாற்றினால் போதும்.

அடுத்து கொக்கிப்புழு. வெறுங்காலோடு ஈர மண்ணில் நடக்கும்போது அதன் இளம்புழு தோலைத் துளைத்து உள்ளே போகிறது. குடலில் ஒட்டிக்கொண்டு நாள் முழுவதும் இரத்தம் உறிஞ்சுகிறது. கழிப்பறையும் காலணியும் சுகாதாரத் துறைக்கும் பொதுப்பணிக்கும் உரியவை என்று எண்ணுகிறோம். என்னைக் கேட்டால் இரண்டும் ஊட்டச்சத்துத் திட்டங்களே. புழுக்கள் பரவலாக உள்ள இடங்களில் ஆண்டுக்கு ஒரு முறை, மிகுதியாக உள்ள இடங்களில் இரு முறை குடற்புழு நீக்க மாத்திரை தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இரத்தசோகை பரவலாக இருக்கும் இடங்களில், மாதவிடாய் தொடங்கிய பெண்பிள்ளைகளுக்கு வாரம் ஒரு இரும்பு மாத்திரை, அதாவது 60 மில்லிகிராம் இரும்பும் 2.8 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினும் தரலாம் என்பதும் அதன் பரிந்துரை.

மாத்திரை வந்து சேர்கிறது, விழுங்கப்படுவதில்லை என்பதுதான் என் எரிச்சல். வெறும் வயிற்றில் போட்டால் சிலருக்குக் குமட்டும். மறுநாள் மலம் கறுப்பாகப் போகும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் அந்தப் பெண் பயந்துபோய் அடுத்த வார மாத்திரையை ஜன்னலுக்கு வெளியே எறிவாள். அவள் எறிந்ததைக் குறை சொல்கிறோமே, சொல்லாமல் விட்டது யார்? உணவுக்குப் பிறகு போடுங்கள், மலம் கறுத்தால் அஞ்ச வேண்டாம் என்ற இரண்டு வாக்கியங்களைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

உணவை விளைவிக்கும் ஊரிலேயே உணவு குறைவது பலருக்கு வியப்பாக இருக்கிறது. கடனுக்காக விளைச்சல் விற்கப்படுகிறது; அடுத்த அறுவடைக்கு முந்தைய மாதங்களில் வீட்டில் இருப்பு தீர்கிறது. வயல் வேலை கடுமையாக இருப்பதும் பெரும்பாலும் அதே மாதங்களில்தான். இருப்பு குறைந்தால் முதலில் வெட்டப்படுவது கடைசியில் சாப்பிடுகிறவரின் பங்கு. அது பல வீடுகளில் வளரும் பெண். அவளுக்குச் சீக்கிரமே திருமணமும் ஆகிவிட்டால், வளர்ந்து முடியாத உடலும் வயிற்றுக் குழந்தையும் ஒரே உணவுக்குப் போட்டியிடும். எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. பாக்கெட் தின்பண்டமும் இப்போது எந்தக் குக்கிராமத்துக்கும் வந்துவிட்டது. உப்பும் சர்க்கரையும் எண்ணெயும் பசியை அடக்கும், இரும்பைத் தராது. ஒரே வீட்டில் ஒரு பிள்ளை மெலிந்தும் இன்னொரு பிள்ளை பருத்தும் இருப்பது அதனால்தான்.

தலைமையாசிரியர்களிடம் ஒரு கோரிக்கை. ஆண்டுக்கு இரண்டு முறை உயரமும் எடையும் எடுங்கள். மற்றப் பிள்ளைகள் முன்னால் எண்ணை வாசிக்காதீர்கள். இந்த வயதில் கேலி ஒரு வேளைச் சோற்றையே நிறுத்திவிடும். பெற்றோரைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள்.

இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. மாத்திரை, மதிய உணவு, எடை பார்ப்பது எல்லாம் பள்ளி வழியாகவே போகின்றன. படிப்பை நிறுத்தியவர்கள்தான் அதிகம் உழைக்கிறவர்கள், அதிகம் கவனிக்கப்படாதவர்கள். எந்தத் தெருவில் யார் படிப்பை நிறுத்தினார்கள் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். அந்த வீடுகளுக்குப் போகிறவர்கள் சுகாதாரப் பணியாளர்கள். இரு தரப்பும் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். தேநீர் இடைவேளைக்கு முன் ஒரு தாளில் அந்தப் பெயர்களை எழுதிப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். நான் இங்கேயே இருக்கிறேன், கேள்விகளை அதன் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.