முகத்துக்கு மூன்று நொடி நிழல்

வணக்கம். படம் முழுக்கச் சிவப்பாகத் தெரிகிறதே என்று போனைத் தட்டாதீர்கள். இந்த அறையில் எரிவதே சிவப்பு விளக்குதான். காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் உள் அறை இது. முன்பு கல்யாணச் சாமான்களை அடுக்கி வைத்திருந்தார்கள். சன்னல் கிடையாது, சுவரோ நல்ல கனம். பிலிமிலிருந்து படத்தைத் தாளில் பிரிண்ட் போடும் இருட்டறைக்கு வேறென்ன வேண்டும்? போட்டோ தாளில் இருக்கும் வெள்ளி உப்புக்குச் சிவப்பு ஒளி உறைக்காது. போன் திரையின் வெளிச்சம் உறைக்கும்; அதனால் திரையைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டுத்தான் பேசுகிறேன்.

இன்று ஒரே ஒரு படம். அதன் நெகட்டிவ், அதாவது கறுப்பும் வெளுப்பும் தலைகீழாகப் பதிந்த பிலிம், என்லார்ஜரில் இருக்கிறது; படத்தைப் பெரிதாக்கிக் கீழே விழவைக்கும் கருவி அது. கீழே பலகையில் பாருங்கள்: சுண்ணாம்புச் சுவர் கறுப்பு, ஆச்சியின் நரைமுடி கன்னங்கரேல். அவர் கை வைத்திருக்கும் இடத்தில், சுவர் வெடிப்பிலிருந்து ஓர் அரசங்கன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. விட்டால் வேர் சுவரைப் பிளந்துவிடும் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் அரிவாளோடு வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். “மைனா போட்ட விதை தம்பி, மழை பிடிக்கட்டும், வேரோடு எடுத்து ஊருணிக் கரையில் வைத்துவிடலாம்” என்றார். காரைக்குடி மாநகராட்சி ஆகிவிட்டது. ஆனால் இந்த ஊரில் மரம் இன்னும் இப்படி யாராவது ஒருவரின் பொறுப்பில்தான் பிழைக்கிறது. நான் எடுக்க விரும்புவது அந்த உறவைத்தான்.

இப்போது தாளில் ஒளி விழப்போகிறது, பன்னிரண்டு நொடி. இலை நிழலில் இருந்ததால் ஆச்சியின் முகம் இருண்டுபோகும். எனவே கம்பி முனையில் ஒட்டிய இந்தச் சின்ன வட்ட அட்டையால் முகத்துக்கு மட்டும் மூன்று நொடி நிழல் கொடுக்கிறேன். அட்டையை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் விளிம்பு கோடாகப் பதிந்துவிடும். பிறகு சுவருக்கு மட்டும் எட்டு நொடி கூடுதல்; அப்போதுதான் சுண்ணாம்பின் வெடிப்புகள் தெரியும். ஏன் மூன்று, ஏன் நான்கு இல்லை? நான்கு கொடுத்தால் கன்னத்துச் சுருக்கம் மறைந்துவிடும். அந்தத் திண்ணையில் உட்கார்ந்து அவரோடு பேசியவனுக்கு அந்தச் சுருக்கத்தை அழிக்க மனம் வராது.

தாள் டெவலப்பரில், அதாவது படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசலில், இறங்குகிறது. இந்தக் கரைசல் 20 டிகிரியில் இருக்க வேண்டும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் அதற்கு எங்கே இறங்குகிறது! தட்டுக்கு அடியில் ஐஸ் தண்ணீர்த் தட்டு ஒன்று வைத்திருக்கிறேன். சற்று நேரம் ஒன்றும் தெரியாது. பொறுங்கள்... வருகிறது. முதலில் கறுப்புகள்தான் வரும்: இலையின் நிழல், சேலைக் கரை. இதோ கண். வெள்ளைச் சுவர் கடைசியாக வரும்.

உதகையில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இருந்தவரை ‘இந்து’ என்ற அதன் போட்டோ தாள் நம் நாட்டிலேயே கிடைத்தது. இப்போது நான் வாங்குவது வெளிநாட்டுத் தாள், விலை அதிகம். அப்படியிருந்தும் ஒரு வழக்கத்தை நான் மாற்றவில்லை: யார் முகம் படத்தில் இருக்கிறதோ, முதல் நல்ல பிரிண்ட் அவருக்கே. இது ஆச்சி வீட்டு முகப்பில், அவருடைய மாமனார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டப்போகிறது. இடத்தை அவரே காட்டிவிட்டார்.

அடுத்தது ஹைப்போ என்ற கரைசல். வெள்ளி உப்பை இது கரைக்கும் என்று ஆங்கில அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1819இல் கண்டறிந்தார். ஒளி படாத உப்பைக் கரைத்து வெளியேற்றிப் படத்தை நிலைக்க வைப்பது இதுதான். கரைந்த வெள்ளி இந்தத் தட்டிலேயே தங்குகிறது. தயவுசெய்து இதைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். நம் சாக்கடை எங்கே போய்ச் சேருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். நீரில் வாழும் உயிர்களுக்கு வெள்ளி நஞ்சு. அந்தக் கன்று போகப்போவதும் ஊருணிக் கரைக்குத்தான். நான் கேனில் சேர்த்து, வெள்ளி பிரித்தெடுப்பவரிடம் கொடுக்கிறேன். எக்ஸ்ரே கூடங்களில் பழைய ஹைப்போ வாங்குகிறவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள், பழைய ஸ்டூடியோக்காரர்களிடம் விசாரித்துப் பாருங்கள்.