ஐந்நூறு ஆண்டுகளோடு நின்றுபோன திட்டம்

அனைவருக்கும் வணக்கம். ஐசக் அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' வரிசையைப் பற்றிப் பேச முடியுமா என்று கேட்டதும் சரி என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் சிக்கல் உறைத்தது. கதையின் முடிச்சுகளை அவிழ்க்காமல் இந்த நாவல்களைப் பற்றி உருப்படியாக எதுவும் பேச முடியாது. இன்னும் படிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எண்பது ஆண்டுப் பழைய ரகசியங்களை நான் ஒருவன் காவல் காத்து என்ன ஆகப்போகிறது?

முதலில் கொஞ்சம் வரலாறு. 1941 ஆகஸ்ட் 1. நியூயார்க்கில் சுரங்க ரயிலில் போய்க்கொண்டிருக்கிறார் 21 வயது அசிமோவ். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கும் மாணவர். 'அஸ்டவுண்டிங்' என்ற அறிவியல் புனைகதை இதழின் ஆசிரியர் ஜான் கேம்பெல்லைப் பார்க்கப் போகிறார். கையில் கதை ஏதும் இல்லை. வைத்திருந்த கில்பர்ட் - சல்லிவன் நாடகத் தொகுப்பைச் சும்மா திறக்கிறார். ஒரு சிப்பாயின் படம் கண்ணில் படுகிறது. சிப்பாயிலிருந்து படை, படையிலிருந்து பேரரசு. கிப்பன் எழுதிய ரோமப் பேரரசின் வீழ்ச்சி வரலாற்றை ஏற்கெனவே இரண்டு தடவை படித்தவர் அவர். கேம்பெல்லின் அறைக்குள் நுழையும்போது வீழ்ந்துகொண்டிருக்கும் ஓர் அண்டப் பேரரசு தயாராக இருந்தது. 1942 மே இதழில் முதல் கதை வந்தது. 1950 ஜனவரிக்குள் எட்டுக் கதைகள். அவை 1951, 52, 53 என்று மூன்று ஆண்டுகளில் மூன்று புத்தகங்களாயின. அதன் பிறகு ஏறத்தாழ முப்பது ஆண்டு மௌனம்.

கதை உங்களில் பலருக்குத் தெரியும். இரண்டரைக் கோடி உலகங்களை ஆளும் பேரரசு. தலைநகரமான ட்ரான்டர் கோளில் மட்டும் நாலாயிரம் கோடிப் பேர். ஹாரி செல்டன் என்ற கணிதவியலர், பேரரசு விழும், அதன் பின் முப்பதாயிரம் ஆண்டு இருள் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறார். வீழ்ச்சியைத் தடுக்க முடியாது. இருளை ஆயிரம் ஆண்டாகக் குறைக்கலாம் என்கிறார். அந்தத் திட்டத்துக்காக அவர் நிறுவும் குடியேற்றம்தான் ஃபவுண்டேஷன். அவருடைய 'உளவரலாறு' வேதியியல் மாணவனுக்குத் தோன்றக்கூடிய யோசனைதான். வாயுவில் ஒரு மூலக்கூறு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. மொத்த வாயுவின் அழுத்தத்தைச் சொல்லிவிடலாம். மனிதக் கூட்டமும் அப்படித்தான் என்கிறார் செல்டன். இரண்டு நிபந்தனைகள்: கூட்டம் மிகப் பெரிதாக இருக்க வேண்டும், தன்னைப் பற்றிய கணிப்பு அதற்குத் தெரியக்கூடாது.

இளம் வயதில் படிக்கும்போது முதல் நிபந்தனைதான் மயக்குகிறது. வரலாற்றுக்கே ஒரு சூத்திரம்! பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கிய பால் க்ரூக்மன்கூட, உளவரலாறு படிக்க ஆசைப்பட்டுத்தான் பொருளாதாரத்துக்குப் போனதாகச் சொல்லியிருக்கிறார். ஏழு நாவல்களையும் இத்தனை ஆண்டு கழித்து அடுத்தடுத்துப் படித்தபோது எனக்கு உறுத்தியது இரண்டாம் நிபந்தனை. தெரியக்கூடாது என்றால், யாருக்கோ தெரியும் என்றுதானே பொருள்? அந்த யாரோ யார்? அவருக்கு அந்த உரிமையைக் கொடுத்தது யார்? இந்த வரிசை முழுக்கவே, அசிமோவ் இந்தக் கேள்வியோடு ஐம்பது ஆண்டு போட்ட சண்டை என்பதுதான் என் வாதம்.

பழசாகிப்போன விஷயங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ஆளுக்கொரு சுருட்டு. எல்லாவற்றிலும் அணுசக்தி. முதல் புத்தகத்தில் பெண்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். செல்டனின் இடுப்புப் பையில் சிவப்பு எண்கள் ஒளிரும் கையடக்கக் கணிப்பான் மட்டும் 1951ஆம் ஆண்டுக்குப் பிரமாதமான கற்பனை. அப்புறம், எதுவுமே நடப்பதில்லை. இதை நான் சொல்லவில்லை. 1981இல் பதிப்பகத்தாரின் நெருக்கடியால் தொடர்ச்சி எழுத உட்கார்ந்த அசிமோவ், முதலில் தன் மூன்று நூல்களையும் எடுத்துப் படித்தார். ஏதாவது நடக்கும் நடக்கும் என்று காத்திருந்ததாகவும், கடைசிவரை வெறும் பேச்சாகவே போனதாகவும் அவரே எழுதியிருக்கிறார். இருந்தும் கீழே வைக்க முடியவில்லையாம். ஆக, இந்த வரிசையை ஆண்டுகள் கழித்து மறுபடி படித்துத் திகைத்தவர்களில் முக்கியமானவர் அதன் ஆசிரியர்தான்.

பேச்சுதான், ஆனால் என்ன பேச்சு! முதல் நூலில் டோர்வின் பிரபு என்று ஒருவர் வருகிறார். பேரரசின் தூதர், மூக்குப்பொடி போடும் பெருந்தனக்காரர். மனித இனம் எந்தச் சூரியனடியில் தோன்றியது என்பது அவருடைய பொழுதுபோக்கு ஆராய்ச்சி. நேரில் போய்த் தோண்டிப் பார்க்கலாமே என்று கேட்டால், எதற்கு, பழைய அறிஞர்களின் நூல்கள் இருக்கின்றனவே, அவற்றை ஒப்பிட்டால் போதாதா என்கிறார். ஒரு பேரரசு செத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். ஐந்து நாள் தங்கி அவர் கொடுத்த வாக்குறுதிகளைத் தர்க்கக் குறியீடுகளில் போட்டு வடிகட்டுகிறார்கள். மிச்சம்: பூஜ்யம். மேடையில் நிற்கும் எனக்கு இந்த இடம் வரும்போது எப்போதும் சின்ன நடுக்கம் உண்டு. வேடிக்கைக்காக வைத்த அந்தப் பூர்வீகக் கேள்வியைத்தான் 44 ஆண்டு கழித்து 'ஃபவுண்டேஷனும் பூமியும்' நாவலுக்கு முதுகெலும்பாக எடுத்துக்கொண்டார் அசிமோவ். பூமி எங்கே இருக்கிறது? நாவல் முழுக்க அந்தத் தேடல்தான்.

இரண்டாம் நூலுக்கு வருகிறேன். திட்டம் பொய்த்துப்போக வேண்டும் என்று கேட்டது கேம்பெல். அசிமோவ் முடியவே முடியாது என்று மன்றாடியிருக்கிறார். இதழாசிரியர் விடவில்லை. அப்படிப் பிறந்தவன்தான் மியூல்: பிறர் மனத்தை வளைக்கும் பிறவி, செல்டனின் கணக்கில் வராத ஒற்றை மூலக்கூறு. 'காலப் பெட்டகம்' என்ற அறையில் நடக்கும் காட்சியைப் பாருங்கள். நெருக்கடி முற்றும்போதெல்லாம் செல்டனின் பதிவுருவம் தோன்றி, நடந்ததைச் சரியாகச் சொல்லும். இந்த முறையும் ஊரே கூடியிருக்கிறது. கிழவர் தோன்றுகிறார், நிதானமாகப் பேசுகிறார்: ஃபவுண்டேஷனுக்கும் அதன் வணிகர்களுக்கும் நடந்த உள்நாட்டுப் போரைப் பற்றி. அப்படி ஒரு போர் நடக்கவே இல்லை. வாசலில் நிற்பது மியூலின் படை. அவையில் ஒவ்வொரு முகமாக வெளிறுகிறது. கிழவரோ தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகிறார். ஒரே ஒரு தவறான சொற்பொழிவு, முந்நூறு ஆண்டு நம்பிக்கை காலி. மொத்த வரிசையிலும் இதற்கு இணையான காட்சி கிடையாது.

அந்த மியூலைத் தடுப்பது கணிதம் அல்ல, பேய்ட்டா என்ற பெண். அவன் கோமாளி வேடத்தில் உடன் திரிந்தபோது அவள் அவனிடம் இயல்பாகவே அன்பு காட்டினாள். பிறவியிலேயே அவனுக்கு அது புதுசு. அதைக் கெடுக்க மனமில்லாமல் அவள் மனத்தை மட்டும் அவன் தொடவில்லை. அதனால்தான் அவளால் அவனை அடையாளம் காண முடிந்தது. செல்டன் தன் திட்டத்தைக் காக்க ரகசியமாக நிறுவிய, பிறர் மனத்தை வளைக்கத் தெரிந்தவர்களின் கூட்டம் ஒன்று உண்டு: இரண்டாம் ஃபவுண்டேஷன். மியூலின் பிடியில் சிக்கிய நண்பர் எப்லிங் மிஸ், அது இருக்கும் இடத்தை வாய்திறந்து சொல்லும் முன் அவரைச் சுட்டு வீழ்த்துகிறாள்.

மூன்றாம் நூலில்தான் மறுவாசிப்பு என்னைப் பிடித்து உலுக்கியது. ஆர்கடி, பதினான்கு வயசுச் சுட்டிப் பெண். இரண்டாம் ஃபவுண்டேஷன் எங்கே என்று தானே துப்புத் துலக்கிவிட்டதாகப் பூரிக்கிறாள். அவள் மூளையை யாரும் தொட்டிருக்கவில்லை என்று அவள் அப்பா சோதித்துப் பார்த்து நிம்மதி அடைகிறார். கடைசி அத்தியாயத்தில் உண்மை வெளிவருகிறது: பிறந்த சில நாட்களிலேயே இரண்டாம் ஃபவுண்டேஷன்காரர்கள் அவள் மனத்தைத் திருத்திவிட்டார்கள். வளர்ந்த மனத்தில் கைவைத்தால்தானே தழும்பு? போதாதென்று, தாங்கள் அழிந்துவிட்டதாக ஊர் நம்ப வேண்டும் என்பதற்காகத் தங்களில் ஐம்பது பேரைப் பலி கொடுக்கிறார்கள். அசிமோவ் இதை வெற்றிக் கதையாகத்தான் எழுதுகிறார். இளம் வயதில் நானும் கைதட்டிவிட்டுப் போயிருப்பேன். இப்போது, தொட்டிலில் கிடக்கும் அந்தக் குழந்தையைத் தாண்டிப் போக முடியவில்லை.

தொடர்ச்சி நாவல்களை மட்டம் தட்டுவது வழக்கம். 1982இல் வந்த 'ஃபவுண்டேஷன்ஸ் எட்ஜ்' 25 வாரம் நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் நின்றது, அடுத்த ஆண்டு அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருதும் வாங்கியது. ஆனாலும் பழைய வாசகர்களுக்குத் திருப்தி இல்லை. சவசவ என்று இழுக்கிறது என்பது நியாயமான புகார். ஆனால் அதன் நாயகன் ட்ரெவைஸ் எதை வைத்து வாதாடுகிறான் என்று பாருங்கள். செல்டன் திட்டம் இவ்வளவு பிசகில்லாமல் ஓடுகிறது என்றால், பின்னால் யாரோ இழுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்கிறான். ஆர்கடியின் தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

அதற்கு அசிமோவ் தந்த விடை எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். படைபலத்தால் ஆளும் முதல் ஃபவுண்டேஷன் வேண்டாம், மனத்தை வளைத்து ஆளும் இரண்டாவதும் வேண்டாம் என்று, கல்லும் புல்லும் மனிதரும் ஒரே மனமாகிவிடும் கயா என்ற கோளின் வழியைத் தேர்ந்தெடுக்கிறான் ட்ரெவைஸ். அதற்கும் பின்னால் இருபதாயிரம் ஆண்டாக டேனீல் என்ற ரோபோ. இரண்டரைக் கோடி உலகங்களுடைய கவலை கடைசியில் ஒரே இயந்திரத்தின் தலையில்! தன் ரோபோ கதைகளையும் இதையும் ஒரே நூலில் கோர்க்கும் ஆசையில் அண்டத்தையே ஒரு வீடாகச் சுருக்கிவிட்டார். எனக்குச் சமாதானம் தருவது ஒன்றுதான்: தான் எடுத்த முடிவை ட்ரெவைஸே நம்பவில்லை. காரணம் தெரியாமல் தவித்துத்தான் பூமியைத் தேடிப் போகிறான்.

1986இல் அந்தக் காரணம் கிடைக்கிறது: செல்டனின் கணக்கில் சொல்லாமல் விட்ட மூன்றாவது நிபந்தனை, அண்டத்தில் மனிதரைத் தவிர வேறு அறிவினம் இல்லை என்பது. இதன் பூர்வீகம் வேடிக்கையானது. வேற்றினத்தாரை மனிதர்கள் எப்போதும் வெல்ல வேண்டும் என்பது கேம்பெல்லின் பிடிவாதம். அந்த வம்பே வேண்டாம் என்றுதான் வேற்றினமே இல்லாத அண்டத்தைப் படைத்தார் இளம் அசிமோவ். நாவல் முடியும்போது, இனி என்ன ஆகும் என்ற திகிலோடு ஒரு விசித்திரக் குழந்தையின் முன்னால் நிற்கிறான் ட்ரெவைஸ். கதை அங்கேயே நின்றுவிட்டது. ஆயிரம் ஆண்டுத் திட்டத்தில் பாதிதான் சொல்லப்பட்டிருக்கிறது. மேலே போகாமல், 1988இல் செல்டனின் இளமைக்குத் திரும்பிவிட்டார் அசிமோவ். இறந்த பிறகு 1993இல் வெளிவந்த 'ஃபார்வர்ட் த ஃபவுண்டேஷன்' நாவலில், செல்டன் தன் மனிதர்களை ஒவ்வொருவராக இழந்துகொண்டே கணக்குப் போடுகிறார். நோயோடு எழுதியவரின் நிழல் அதில் விழாமல் எப்படி இருக்கும்?

கூட்டம் தொடங்கும் முன் ஒரு தம்பி கேட்டார், எந்த வரிசையில் படிப்பது என்று. கதைக்கால வரிசையில் ஒரு பட்டியலை அசிமோவே ஒரு முன்னுரையில் கொடுத்திருக்கிறார். அதைக் கேட்காதீர்கள். அப்படிப் படித்தால் டேனீல் யார் என்பது முதலிலேயே தெரிந்துவிடும். பெட்டகத்தில் கிழவர் உளறும்போது உங்களுக்கு வயிறு கலங்காது. 1951இலிருந்து வெளிவந்த வரிசையில் படியுங்கள். முதல் மூன்றோடு நிறுத்திக்கொண்டாலும் குற்றமில்லை. ஆனால் ஆர்கடியின் கதையை முடித்ததும் மனம் சரியில்லாமல் போனால், 1982 நாவலை அன்றைக்கே எடுங்கள்.