ஜன்னலுக்குக் கம்பி போட்டாச்சா?

நேயர்களுக்கு வணக்கம். மாடி ஜன்னலிலிருந்து ஒரு குழந்தை தவறி விழுந்துவிட்டது என்று செய்தி வந்தால், உடனே நாம் கேட்பது, "அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள்?" என்றுதான். எனக்கு இந்தக் கேள்வியே பிடிப்பதில்லை. அடுப்பில் பால் பொங்கியிருக்கும், வாசலில் கேஸ்காரர் மணி அடித்திருப்பார். அப்பாவைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அது வேறு விஷயம்.

நியூயார்க் நகரம் கேள்வியை மாற்றிக் கேட்டது. அங்கே கோடை வந்தால் ஏ.சி. இல்லாத வீடுகளில் காற்றுக்காக ஜன்னலைத் திறந்து வைப்பார்கள்; குழந்தைகள் விழுவார்கள். 1972-இல் நகரச் சுகாதாரத் துறை 'குழந்தைகளால் பறக்க முடியாது' என்று ஒரு திட்டம் தொடங்கியது. எந்த வீட்டில் குழந்தை விழுந்தது என்று தகவல் வாங்கி, செவிலியர்கள் நேரில் போய்ப் பார்த்தார்கள். ஜன்னலில் மாட்டும் கம்பித் தடுப்புகளை இலவசமாகவே கொடுத்தார்கள். அந்த நகரத்தின் பிராங்ஸ் பகுதியில் 1973-க்கும் 1975-க்கும் இடையில் இப்படி விழுவது பாதியாகக் குறைந்தது. 1976-இல் சட்டமே வந்துவிட்டது: பத்து வயது வரையுள்ள குழந்தை குடியிருந்தால், தடுப்பு போட வேண்டியது கட்டட உரிமையாளரின் பொறுப்பு. தாயைத் திட்டுவதை விட்டுவிட்டு வீட்டுக்காரரைப் பிடித்தார்கள். அதுதான் பலித்தது.

நம் ஊர் பழைய வீடுகளில் கம்பி இல்லாத ஜன்னலே கிடையாது. திருடனுக்காகப் போட்டது, பிள்ளைகளையும் காப்பாற்றியது. இப்போது வருகிற அடுக்குமாடிகளில் தள்ளித் திறக்கும் பெரிய கண்ணாடி ஜன்னல்கள். கொசுவலை இருக்கிறதே என்கிறார்கள் சிலர். கொசுவலை கொசுவைத்தான் தடுக்கும். குழந்தை சாய்ந்தால் சட்டத்தோடு பெயர்ந்துவிடும். சின்னக் குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, கனமும் அதிகம். எட்டிப் பார்க்கும்போது தலை வெளியே போனால் உடம்பும் பின்னாலேயே போய்விடும்.

அதனால் கட்டில், சோபா, பிளாஸ்டிக் ஸ்டூல் எதையும் ஜன்னல் ஓரமாகப் போடாதீர்கள். காற்று வரும் என்று கட்டிலை அங்கேதான் போடுகிறோம், தெரியும். கம்பி போடுகிற வரைக்குமாவது நகர்த்தி வையுங்கள். பால்கனியில் பூந்தொட்டி ஸ்டாண்டும் அப்படித்தான், அது குழந்தைக்கு ஏணி.

கம்பிகளுக்கு நடுவே நாலு அங்குலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். குறுக்குக் கம்பி ஏறுவதற்கு வசதியாகிவிடும், நெடுக்காகப் போடச் சொல்லுங்கள். தீப்பிடித்தால் வெளியேற ஒரு ஜன்னலிலாவது பெரியவர்கள் திறக்கக்கூடிய கிரில் இருக்கட்டும். அதன் சாவி எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லாப் பெரியவர்களுக்கும் தெரிய வேண்டும்.

கட்டடத்தின் அழகு கெட்டுவிடும் என்று சில குடியிருப்போர் சங்கங்கள் கிரில் போட விடுவதில்லை. அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள், கைக்குழந்தைக்காரர்கள் மட்டுமல்ல, பேரன் பேத்தி விடுமுறைக்கு வருகிற தாத்தா பாட்டிகளும். வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள், தண்ணீர் வருமா, வண்டி நிறுத்த இடம் உண்டா என்று கேட்கும்போதே ஜன்னல் கம்பியையும் கேட்டுவிடுங்கள். வீட்டுக்காரர் தயங்கினால், நாங்களே போட்டுக்கொள்கிறோம், வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள் என்று பேசிப் பாருங்கள். நன்றி, வணக்கம்.