டாரட் மூணு சீட்டு: கேள்வி ‘ஆ’-ல முடிஞ்சா மாத்திடுங்க

[காட்சி: காவேரிப்பட்டணத்துல ஒரு வீட்டுக் கூடம். தரையில் ஜமுக்காளம், அதன் மேல் டாரட் கட்டு, ஒரு 40 பக்க நோட்டு. ஒரு கை ஃபேன் சுவிட்சை அணைக்கிறது.]

குரல்: டாரட்னா குறி பார்க்கிற படச் சீட்டு. அதுல மூணு எடுத்து, நம்ம குழப்பத்தை நாமே புரிஞ்சுக்கறது எப்படின்னு பார்ப்போம். முதல்ல ஃபேனை நிறுத்திடுங்க. நடுவுல ஒரு சீட்டு பறந்து கவிழ்ந்தா, உடனே ‘இது ஏதோ சொல்ல வருது’ன்னு ஒரு பேச்சு கிளம்பும். வந்தது காத்துதான். அப்புறம், டைல்ஸ் தரையில நேரா பரப்பாதீங்க. சீட்டு ஒட்டிக்கும், நகத்தால கிளறி எடுக்கறதுக்குள்ள ஓரம் பிஞ்சிடும். ஜமுக்காளம் போதும். தடிமனான துண்டுன்னாலும் சரி.

டாரட்னு எழுதறோம், கடைசி ‘ட்’டை விட்டுட்டு டாரோன்னும் சொல்வாங்க. இது 15-ஆம் நூற்றாண்டுல வட இத்தாலியில ஆடின சீட்டாட்டம். குறி பார்க்கிற வழக்கம் பெருசா கிளம்பினது 18-ஆம் நூற்றாண்டு பிரான்ஸ்ல. இப்ப நீங்க கடையில பார்க்கிற படங்கள்ல நிறைய 1909-ல லண்டன்ல வந்த ஒரு கட்டோட வழியில வந்தவைதான். ஆர்தர் எட்வர்ட் வெயிட் சொல்லச் சொல்ல, பமீலா கோல்மன் ஸ்மித் வரைஞ்சது. புதுசா பழகறவங்க அந்தக் கட்டையே வாங்குங்க. ஏன்னு கொஞ்ச நேரத்துல தெரியும்.

[காட்சி: சீட்டுகளை ஐந்து குவியலாகப் பிரிக்கும் கை.]

குரல்: பிரிச்ச உடனே எண்ணுங்க. 78 இருக்கணும். கூட ஒண்ணு ரெண்டு வெத்துச் சீட்டோ விளம்பரச் சீட்டோ இருந்தா எடுத்து ஓரமா வைங்க. 78-ல 22 பெரிய சீட்டு, மேஜர் அர்கானா. மீதி 56 சின்னச் சீட்டு, நாலு இனம், இனத்துக்கு 14. கோல்னா செயல், கிண்ணம்னா உணர்வு, வாள்னா யோசனையும் பேச்சும், காசுன்னா பணம், உடம்பு, உழைப்பு. ஆரம்பத்துக்கு இவ்வளவு தெரிஞ்சா போதும்.

கலைக்கிறதுலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. புதுக் கட்டு வரிசையா அடுக்கி வரும். ரம்மிக்குக் கலைக்கிற மாதிரி கையில வெச்சு நாலு தட்டு தட்டினா, பக்கத்துப் பக்கத்துச் சீட்டு கொத்துக் கொத்தா அப்படியே இருக்கும். மூணு எடுத்தா மூணும் கிண்ணமா வரும், ‘எனக்கு எல்லாமே காதல் விஷயம்தான்’னு நம்பிடுவீங்க. டாரட் சீட்டு சாதாரண சீட்டைவிடப் பெருசு, வளைச்சுச் சீறவிட்டா நடுவுல மடிப்பு விழும். அதனால எல்லாத்தையும் கவிழ்த்துப் பரப்பி, ரெண்டு உள்ளங்கையாலயும் அரிசி புடைக்கிறதுக்கு முன்னாடி துழாவற மாதிரி ஒரு நிமிஷம் முழுசா சுத்திக் கலைங்க. பார்க்க அழகா இருக்காது. ஆனா நல்லாக் கலையும்.

இப்படிக் கலைச்சா பாதிச் சீட்டு தலைகீழாத் திரும்பிடும். தலைகீழுக்குத் தனி அர்த்தம் உண்டு, முதல் மூணு மாசம் அதைத் தொடாதீங்க. எது தலைகீழா வந்தாலும் நிமிர்த்தி வைங்க.

[காட்சி: நோட்டில் பேனா. ‘தோப்பைக் குத்தகைக்கு விடலாமா?’ என்று எழுதி, ‘ஆ’வைச் சுற்றி வட்டம்.]

குரல்: இப்ப கேள்வி. நம்ம ஊர்ல ஆமாவா இல்லையான்னு தெரியணும்னா கோயில்ல பூக்கட்டிப் பார்ப்பாங்க. ரெண்டு பொட்டலம், ஒண்ணு எடுத்தா முடிஞ்சது. டாரட்ல அந்தக் கேள்வியைக் கேட்டா 78 படத்துல எதுவுமே ஆமான்னும் சொல்லாது, இல்லைன்னும் சொல்லாது. நாமதான் வளைச்சு வளைச்சு ஆமாவாக்குவோம். அதனால ஒரே விதி: கேள்வி ‘ஆ’-ல முடிஞ்சா மாத்துங்க. கிடைக்குமா, வருவாளா, விடலாமா, எதுவுமே வேண்டாம். என்ன, எது, எப்படின்னு ஆரம்பியுங்க.

எடுத்துக்காட்டுக்கு, இங்க ஒருத்தர்கிட்ட ரெண்டு ஏக்கர் பெங்களூரா மாந்தோப்பு இருக்குன்னு வைங்க. பூ பிடிக்கும்போதே குத்தகைக்கு விட்டுடறதா, நின்னு காவல் காத்துத் தானே அறுத்து மண்டிக்கோ கூழ் ஃபேக்டரிக்கோ போடறதான்னு குழப்பம். மாத்தின கேள்வி இது: ‘குத்தகைக்கு விடறதுல எனக்கு எது உறுத்துது?’

விலை என்ன போகும்னு சீட்டு சொல்லாது. உறுத்தல் அவருக்குள்ள இருக்கு, அதை வெளியில எடுக்கத்தான் படம்.

[காட்சி: மூன்று சீட்டுகள் கவிழ்ந்த நிலையில், இடமிருந்து வலம்.]

குரல்: மூணு இடம். சீட்டை எடுக்கறதுக்கு முன்னாடியே நோட்டுல எழுதிடணும். ஒண்ணு, இப்ப என் நிலை. ரெண்டு, எது இழுத்துப் பிடிக்குது. மூணு, என் கையில இருக்கிற அடுத்த அடி. எடுத்த பிறகு இடத்துக்குப் பேர் வெச்சா, பிடிச்ச படத்தை நல்ல இடத்துல உட்கார வெச்சுடுவோம். பத்துச் சீட்டு வைக்கிற கெல்டிக் கிராஸ் பக்கம் இப்பப் போகாதீங்க. பத்துல நமக்குப் பிடிச்ச மூணை மட்டும் படிச்சுட்டு எழுந்துடுவோம்.

இப்ப முக்கியமான விஷயம். கட்டோட வர்ற அர்த்தப் புத்தகத்தை மூடி வைங்க. முதல் ரெண்டு நிமிஷம் படத்துல என்ன இருக்குன்னு மட்டும் சொல்லணும். 1909 கட்டை வாங்கச் சொன்னது இதுக்காகத்தான். அதுல சின்னச் சீட்டுலகூட ஆளும் காட்சியும் இருக்கு. பழைய கட்டுகள்ல பெரும்பாலும் வாள், கிண்ணத்தை எண்ணிக்கைக்கு அடுக்கி வெச்சிருப்பாங்க, சொல்ல ஒண்ணும் இருக்காது.

[காட்சி: முதல் சீட்டு திரும்புகிறது. ஏழு காசு. மிக அருகில்.]

குரல்: ஒருத்தன் மண்வெட்டிக் காம்பு மேல சாஞ்சு நிக்கிறான். பக்கத்துல செடி, செடியில காய்க்குப் பதிலாக் காசு. ஒரு காசு காலடியில. ‘விளைச்சலைப் பார்த்துட்டு நிக்கிறான்’னு ஒருத்தர் சொல்வார். ‘பாவம், களைச்சுப்போய் நிக்கிறான்’னு இன்னொருத்தர் சொல்வார். படம் ஒண்ணுதான். உங்க வாயில எந்தச் சொல் முதல்ல வந்துச்சோ அதை அப்படியே நோட்டுல எழுதுங்க. நம்ம தோப்புக்காரர் ‘களைச்சு’ன்னு எழுதினா, அவரோட உறுத்தல் விலையில இல்லாம உடம்புல இருக்கலாம்.

ரெண்டாவது, ரெண்டு வாள். கண்ணைக் கட்டிக்கிட்டு ஒரு பெண், மார்புக்குக் குறுக்கே ரெண்டு வாள், பின்னாடி கடல், மேல பிறை. வாள் ரெண்டும் அவ கையிலேயே இருக்கு, கவனிங்க. இழுத்துப் பிடிக்கிறது எதுன்னு கேட்ட இடத்துல இது வந்தா, அடுத்த கேள்வியைக் கேளுங்க: எந்தக் கணக்கை நான் பார்க்காம இருக்கேன்? போன வருஷம் மருந்து அடிச்ச செலவு, காவல் கூலி, பறிப்புக் கூலி, வண்டி வாடகை, எல்லாத்தையும் ஒரு தாள்ல கூட்டினதே இல்லைன்னா, கண்கட்டு அதுதான்.

[காட்சி: மூன்றாவது சீட்டு. பதிமூன்றாம் எண். கருங்கவச எலும்புக்கூடு, வெள்ளைக் குதிரை.]

குரல்: இதைப் பார்த்ததும் வீட்டுல யாராவது ‘ஐயோ, எடுத்து வை’ம்பாங்க. பேர் மரணம். மூணு சீட்டு எடுத்தா இது வர்ற வாய்ப்பு 26-ல 1. வாரம் ஒரு தடவை எடுக்கறவருக்கு சராசரியா வருஷத்துக்கு ரெண்டு தடவை வரும். அதே மாதிரி, மூணுல ஒண்ணாவது பெரிய சீட்டா வர்ற வாய்ப்பு 100-க்கு 64. பெரிய சீட்டு வந்துடுச்சுன்னு மிரளவும் வேண்டாம், பூரிக்கவும் வேண்டாம்.

படத்தைப் பாருங்க. ராஜா கீழ கிடக்கிறார். சின்னக் குழந்தை குதிரையை நிமிர்ந்து பார்க்குது. தூரத்துல ரெண்டு கோபுரத்துக்கு நடுவுல சூரியன். ‘அடுத்த அடி’ இடத்துல இது வந்தா, எதை முடிச்சுக்கணும்னு கேளுங்க. வருஷா வருஷம் ஒரே ஆள்கிட்ட முன்பணம் வாங்கிட்டு, அப்புறம் விலை பேச வாய் வராம நிக்கிற பழக்கமா இருக்கலாம். இதெல்லாம் எழுதின பிறகு புத்தகத்தைத் திறங்க. பொருந்தினா எடுத்துக்கங்க, பொருந்தலைன்னா விடுங்க.

ஒரு எச்சரிக்கை. 1948-ல பெர்ட்ரம் ஃபோரர்ங்கிற உளவியலாளர் 39 மாணவர்களுக்கு ‘உன் குணம் இது’ன்னு தாள் கொடுத்தார். எல்லாருக்கும் ஒரே தாள். எவ்வளவு பொருந்துதுன்னு கேட்டதுக்கு அவங்க போட்ட சராசரி மதிப்பெண் 5-க்கு 4.26. ‘வெளியில சிரிக்கிறீங்க, உள்ளுக்குள்ள கவலை’ங்கிற வகைப் பேச்சு யாருக்கும் ஒட்டும். நோட்டுல நீங்க எழுதின வரி பக்கத்து வீட்டுக்காரருக்கும் பொருந்துமான்னு பாருங்க. பொருந்தினா அடிச்சுட்டு, உங்க தோப்பு, உங்க ஆள், உங்க தொகை வர்ற மாதிரி திருப்பி எழுதுங்க.

பிடிக்கலைன்னு அதே கேள்விக்கு மறுபடி எடுக்காதீங்க. நாலாவது தடவை எப்படியும் இனிப்பா ஒண்ணு வரும். அதுக்குச் சீட்டு எதுக்கு, நேரா ஆசையையே எழுதிடலாமே. காய்ச்சல், கோர்ட்டு, கடன் இதுக்கெல்லாம் டாக்டர், வக்கீல், கணக்கு நோட்டு. காசு வாங்கிட்டு சீட்டு பார்க்கிறவர் மரணச் சீட்டைக் காட்டிப் பரிகாரம்னு ஒரு தொகை சொன்னா, எழுந்து வந்துடுங்க.

[காட்சி: நோட்டுப் பக்கம். தேதி, கேள்வி, மூன்று சீட்டின் பெயர், முதல் சொல், கடைசி வரி.]

குரல்: பக்கத்துக்குக் கீழ, இந்த வாரத்துல செய்யற ஒரே ஒரு வேலை. தோப்புக்காரருக்கு: ‘ஞாயித்துக்கிழமைக்குள்ள போன வருஷச் செலவைக் கூட்டணும்.’ சீட்டுகளைப் பெட்டியில போட்டுட்டு ஃபேனைப் போடலாம்.