பயத்துக்கும் ஒரு பயிற்சி அட்டவணை வேண்டும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். பி.டி. ஆசிரியர்கள், பயிற்சியாளர்கள், பிசியோக்கள், பெற்றோர் எனப் பலரும் வந்திருக்கிறீர்கள். சென்னையில் கபடிக்கும் பஞ்சமில்லை, முழங்கால் காயத்துக்கும் பஞ்சமில்லை. அதனால் ஒரே ஒரு காயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: முழங்காலுக்குள் இருக்கும் முன் சிலுவை ஜவ்வு கிழிவது. மைதானத்தில் ‘ஏசிஎல்’ என்றாலே புரிந்துவிடும்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிகிறது. பிசியோ மாதக்கணக்கில் உழைக்கிறார். ஆனாலும் பலர் பழைய ஆட்டத்துக்கு வருவதில்லை. ஆய்வாளர் கிளேர் ஆர்டர்ன் குழுவினர் 2014-இல் 69 ஆய்வுகளைத் தொகுத்து 7,556 பேரின் நிலையைப் பார்த்தார்கள். ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 81 சதவீதம். காயத்துக்கு முன்பிருந்த நிலையை எட்டியவர்கள் 65. போட்டிகளில் மீண்டும் இறங்கியவர்கள் 55. இதற்குக் காரணங்கள் பல உண்டு. மறுபடி அடிபடுமோ என்ற பயம் அவற்றில் முக்கியமானது. தசைக்கு அட்டவணை போடுகிற நாம் பயத்துக்குப் போடுவதில்லை.

பயத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்டால் ‘ஒண்ணுமில்ல சார், நல்லாயிருக்கு’ என்பார்கள். ஆட்டத்தைப் பாருங்கள். போனஸ் புள்ளி எடுக்க, ரைடர், அதாவது பாடிப் போகிறவர், எதிரணிப் பக்கத்தில் உள்ள போனஸ் கோட்டுக்கு அப்பால் ஒரு காலை ஊன்ற வேண்டும். அந்த நொடியில் மற்றக் கால் தரையில் படக் கூடாது. உடம்பின் பாரம் முழுவதும் ஊன்றிய காலில் இறங்கும். வலது முழங்காலில் அறுவை நடந்தவர் இடது காலை மட்டுமே அந்தக் கோட்டுக்கு அப்பால் வைப்பார். திரும்பும்போது ஒரே பக்கமாகச் சுழல்வார். குதித்து இறங்கும்போது முழங்காலை மடக்காமல் விறைப்பாக ஊன்றுவார். போனில் பத்து ரெய்டைப் படம் பிடித்து, எந்தக் கால் எத்தனை முறை முன்னே போனது என்று எண்ணுங்கள். வாய் சொல்லாததை அந்த எண்ணிக்கை சொல்லிவிடும்.

இந்தப் பயம் ஆபத்தையும் கூட்டுகிறது. விளையாட்டு உளவியலாளர்கள் ஆண்டர்சனும் வில்லியம்ஸும் 1988-இல் விளக்கியது இதைத்தான்: மனஅழுத்தம் ஏறினால் தசை இறுகும், பக்கவாட்டுப் பார்வை சுருங்கும். மூலையிலிருந்து பாய்ந்து வரும் கார்னர் ஆட்டக்காரர் கண்ணில் படத் தாமதமானால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அளப்பதற்குக் கருவி இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் வெப்ஸ்டர் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ‘ஏசிஎல்-ஆர்எஸ்ஐ’ வினாத்தாளில் 12 கேள்விகள். உணர்ச்சி, தன்னம்பிக்கை, ஆபத்தைப் பற்றிய கணிப்பு ஆகிய மூன்றையும் கேட்கிறது. மதிப்பெண் 0 முதல் 100 வரை. குறைந்தால் மனம் தயாராகவில்லை என்று பொருள். நிரப்ப ஐந்து நிமிடம் போதும். மாதம் ஒருமுறை கொடுங்கள். பயிற்சியாளர் பக்கத்தில் நின்றுகொண்டு நிரப்பச் சொல்லாதீர்கள். அணியில் இடம் போய்விடும் என்று எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் போட்டுவிடுவார்கள்.

அடுத்தது படிக்கட்டு. எதற்கு எவ்வளவு பயம் என்று 0 முதல் 10 வரை ஆட்டக்காரரையே எழுதச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு: கபடி மேட் விரிப்பில் தனியாக ஓடுவது 2. ஆளில்லாமல் போனஸ் கோட்டை அறுவை நடந்த காலால் தொடுவது 4. எதிரே இருவர் அசையாமல் நிற்கும்போது தொடுவது 5. தெரிந்த தோழர் மெதுவாகக் கணுக்காலைப் பிடிப்பது 7. முழு வேகத்தில் ஏழு பேர் 10. அறுவை மருத்துவரும் பிசியோவும் அனுமதித்த அசைவுகளுக்குள், 3 அல்லது 4-இல் ஆரம்பியுங்கள். அந்த எண் பாதியாகக் குறையும் வரை அதே படியில் நில்லுங்கள். அவசரப்பட்டு இரண்டு படி தாண்டினால், ஒரு சின்னச் சறுக்கல் போதும், பயம் பழையபடி ஏறிவிடும்.

மனக்காட்சிப் பயிற்சியும் வேண்டும். ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. கண்ணை மூடி, வாய்க்குள் ‘கபடி கபடி’ பாடியபடி, முழு ரெய்டையும் மனத்தில் ஓட்டச் சொல்லிவிட்டு ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். 12 விநாடியில் முடித்துவிட்டால் பயமான இடத்தைத் தாண்டிக் குதித்திருக்க வாய்ப்புண்டு. எங்கே குதித்தார் என்று கேட்டு, அங்கிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். நாற்காலியில் சாய்ந்து செய்வதைவிட, மேட் விரிப்பில், விளையாட்டு உடையில், நின்ற நிலையில் செய்வது நல்லது. நாளுக்குப் பத்து நிமிடம் போதும்.

தேதி விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். கிரிண்டெம் குழுவினரின் 2016 ஆய்வில், அறுவைக்குப் பின் ஒன்பதாவது மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆனால் நம் ஊரில் தேதியைத் தீர்மானிப்பது யார்? கல்லூரி ஸ்போர்ட்ஸ் கோட்டா, ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை, தெற்கு ரயில்வே வேலைக்கான தேர்வு. அந்த நெருக்கடி உண்மையானது. குடும்பத்தின் சோறு அதில் இருக்கிறது. அதனால்தான் அந்தக் கணக்கை அறுவைக்கு முன்பே பெற்றோரோடு உட்கார்ந்து பேச வேண்டும், ஆறாவது மாதத்தில் அல்ல. ஒற்றைக்கால் தாவலில் நல்ல காலின் 90 சதவீதத்தை எட்டினால் ஆட்டத்துக்குத் திரும்பலாம் என்ற அளவுகோலிலும் ஒரு ஓட்டை உண்டு: ஓய்வில் நல்ல காலும் மெலிகிறது. அறுவைக்கு முன்பே நல்ல காலை அளந்து வைத்தால் அந்த ஏமாற்றம் இல்லை.

இடைப்பட்ட மாதங்களில் அவரை வீட்டில் விடாதீர்கள். ஸ்கோர் எழுதட்டும், எதிரணி வீடியோவைப் பிரித்துச் சொல்லட்டும், அணியோடு பேருந்தில் வரட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வந்தால், அது பயிற்சியாளர் கையாள வேண்டியதில்லை. மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸ் எண் 14416-இல் இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

முதல் போட்டிக்கு இறுதி ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சாதாரண ஆட்டத்தில் ஐந்து நிமிடம் இறக்கி, மாற்றிவிடுங்கள். மறுநாள் காலையில் மூன்றைக் கேளுங்கள்: முழங்கால் வீங்கியதா, தூங்கினாரா, அந்தக் காலால் போனஸ் எடுக்க இப்போது பயம் எத்தனை? வீக்கம் இருந்தால் முதலில் பிசியோவிடம் காட்டுங்கள். பயம் மட்டும் ஏறியிருந்தால், ஒரு படி இறங்கி அங்கிருந்து தொடருங்கள்.